தலைவலித் தைலத்தின் காசில் ஒரு பத்திரிகை: லஸ் பூங்காவின் நாகேஸ்வர ராவ் யார்?

மயிலை நடையன்:

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் பத்து வருடமாகக் காலையில் நடக்கிறேன். போன வாரம் கூட நடக்கும் நண்பர், "நம்ம ஏஎன்ஆர் பேர்ல மயிலாப்பூர்ல பார்க் வச்சிருக்காங்க பாருங்க" என்றார். அவர் சொன்னது நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவை. எனக்கு மனசு கேட்கவில்லை. அவரை அந்தப் பெஞ்சிலேயே உட்காரவைத்து அரைமணி நேரம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

பூங்காவுக்குரியவர் காசீநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கியவர். 1867 மே 1 அன்று கிருஷ்ணா மாவட்டத்தில் எலகுர்ரு என்ற கிராமத்தில் பிறந்தார். மசூலிப்பட்டினத்தில் படித்துவிட்டு மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்து 1891இல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தவருக்குக் கலெக்டர் ஆபீசில் நாற்காலி காத்துக்கொண்டிருக்கும். இவர் அந்தப் பக்கம் போகவில்லை. வியாபாரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கல்கத்தா போனார், அங்கிருந்து பம்பாய். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். 1893இல், 26 வயதில், பம்பாயிலேயே அமிர்தாஞ்சனை ஆரம்பித்தார்.

தெலுங்கு பேசுகிற ஒரு இளைஞர், குஜராத்திகளும் பார்சிகளும் வியாபாரம் செய்கிற ஊரில், பெயர் தெரியாத ஒரு மஞ்சள் தைலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முதலில் சும்மா கொடுத்தார். சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய், வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கச்சேரி என்றால் மூன்று, நான்கு மணி நேரம். நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் மூடியைத் திறந்து நெற்றிப்பொட்டில் தேய்த்தால் போதும், முன் வரிசை, பின் வரிசை எல்லாம் திரும்பிப் பார்க்கும். அந்த வாசனைக்கு வேறு விளம்பரம் எதற்கு?

அப்புறம் ஒரு குப்பி 10 அணாவுக்கு விற்றார். 10 அணா அன்றைக்குச் சின்னக் காசு இல்லை. ஆனாலும் வாங்கினார்கள்.

அதில் வந்த பணத்தை அவர் என்ன செய்தார் என்பதற்காகத்தான் இந்த இழை. 1907 சூரத் காங்கிரசுக்குப் போயிருந்தார். தெலுங்கு மக்களுக்குச் செய்தி சொல்ல உருப்படியான ஒரு பத்திரிகை இல்லையே என்று அங்கே உறைத்திருக்கிறது. மறு வருடமே, 1908இல், பம்பாயிலிருந்து ‘ஆந்திர பத்திரிகை’ வார இதழ். 1914இல் மதராசுக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். 1924இல் ‘பாரதி’ என்ற இலக்கிய மாத இதழ். 1926இல் ‘ஆந்திர கிரந்தமாலா’ என்று ஒரு பதிப்பகம், பழைய நூல்களையும் புதியவற்றையும் சாதாரண ஆள் வாங்கும் விலையில் போட. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்கும் போனார். உள்ளே இருந்த காலத்தில் கீதைக்கு உரை எழுதினார். தெலுங்கர்கள் அவரை ‘தேசோத்தாரக’, அதாவது தேசத்தை உயர்த்தியவர், என்று அடைமொழி சேர்த்துத்தான் சொல்வார்கள். 1938 ஏப்ரல் 11 அன்று மறைந்தார்.

தைலம் தெரியும், பூங்கா தெரியும், நடுவில் இருக்கிற மனிதரைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

கூடல் சரவணன்:

ஐயா, உண்மையாகவே நானும் நடிகர் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மெட்ராஸ் வரும்போதெல்லாம் சித்தி வீட்டிலிருந்து அந்தப் பூங்காவுக்குப் போவோம்.

எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் மூன்று பொருள் எப்போதும் இருக்கும்: வெற்றிலை, சில்லறை, அமிர்தாஞ்சன் குப்பி. மூடி துருப்பிடித்துத் திறக்க வராது. முந்தானையைச் சுற்றித் திருகுவாள். தைலம் தீர்ந்த பிறகும் தூக்கிப் போடமாட்டாள். அடியில் ஒட்டியிருப்பதைத் தீக்குச்சியால் வழித்து எடுப்பாள். அந்தக் குப்பிக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

வடகரை வேலன்:

// அதில் வந்த பணத்தை அவர் என்ன செய்தார் என்பதற்காகத்தான் இந்த இழை //

மயிலை ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வைத்தியம் படிக்காத ஒருவர் மருந்து செய்து, விளம்பரத்தால் விற்று, பணம் சேர்த்து, பிறகு தர்மம் செய்து நல்ல பெயர் வாங்குவது உலகம் முழுக்க நடந்த கதை.

இங்கிலாந்தில் தாமஸ் ஹாலோவே 1837இல் களிம்பு விற்க ஆரம்பித்தார். விளம்பரக் கடன் கட்ட முடியாமல் ஜெயிலுக்கே போனவர். வெளியே வந்து மறுபடியும் விளம்பரத்தில்தான் பணத்தைக் கொட்டினார். கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு 50,000 பவுன் விளம்பரத்துக்கு மட்டும். அவர் மாத்திரை எல்லா நோயையும் தீர்க்கும் என்று எழுதினார். அதில் இருந்தது பெரும்பாலும் பேதிக்குக் கொடுக்கும் கற்றாழைப் பிசின்.

தாமஸ் பீச்சம் ஆடு மேய்த்த பையன். லங்காஷயர் சந்தைகளில் மாத்திரை விற்றுக் கோடீஸ்வரர் ஆனார். ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்பது அவர் விளம்பர வாசகம் (கினி என்றால் 21 ஷில்லிங்). 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அந்த மாத்திரையைச் சோதித்துப் புத்தகமே போட்டது. கற்றாழை, இஞ்சி, சோப்பு. அவ்வளவுதான். ஒரு ஷில்லிங்குக்கு மேல் விற்ற பெட்டிக்குள் இருந்த சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு.

ஹாலோவேயும் பெண்களுக்குக் கல்லூரி கட்டினார். 1886இல் விக்டோரியா மகாராணி வந்து திறந்தார். இன்றைக்கும் நன்றாக நடக்கிறது. அதற்காக அவர் மாத்திரை நல்ல மருந்து ஆகிவிடுமா? எங்கள் அப்பா ஒரு ‘சர்வரோக நிவாரணி’ லேகியத்தை நம்பிச் சர்க்கரை நோய்க்கு மருந்தை நிறுத்தினார். கால் விரல் போனது. அதனால்தான் இந்த மாதிரிக் கதைகளை நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

மருந்துக்கடை மீனாட்சி:

வேலன் அண்ணா, அப்பா விஷயம் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. நான் பி.ஃபார்ம் முடித்துத் தஞ்சாவூரில் பதினெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி மருந்தை நிறுத்திவிட்டு வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் பீச்சம் மாத்திரையையும் தலைவலித் தைலத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. உள்ளே போகிற மருந்து வேறு, மேலே தேய்க்கிற மருந்து வேறு. வலித் தைலங்களில் பொதுவாக இருப்பவை கற்பூரம், புதினாவிலிருந்து வரும் மென்தால், நீலகிரித் தைலம், மெத்தில் சாலிசிலேட். இந்த மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் சொந்தக்காரி, சுளுக்குக்குத் தேய்க்கிற எண்ணெயில் மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை அதுதான். மென்தால் தோலைக் குளிர வைப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனையைத் தூண்டிவிடுகிறது, அதனால் சில்லென்று இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அந்த உணர்வியைக் கண்டுபிடித்தது உட்பட்ட ஆராய்ச்சிகளுக்குத்தான் 2021இல் ஜூலியஸ், பட்டபூட்டியன் இருவருக்கும் நோபல் கிடைத்தது. கன்றிப்போன இடத்தில் இன்னொரு உணர்ச்சியை எழுப்பினால் வலி அடங்கின மாதிரி இருக்கும். நோயைத் தீர்க்காது, ஆனால் சாதாரணத் தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் இதமாக இருக்கும். அந்த அளவுக்கு அது பொய் இல்லை.

இப்படிச் செய்முறையைச் சொல்லாமல் விற்கிற மருந்துகளைப் பேட்டன்ட் மருந்து என்பார்கள். அந்தப் பெயரே நம்மைக் குழப்பும். பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமையே கிடையாது. காப்புரிமை வாங்கினால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டுமே! ரகசியம் போய்விடும். பெயரையும் லேபிளையும் மட்டும் பதிவு செய்துகொண்டு உள்ளே இருப்பதை மூடிவைப்பார்கள். வேலன் அண்ணா பயப்படுவது அந்த மூடிவைத்தலைத்தான் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் 1940 மருந்துச் சட்டம் வந்தது. அப்புறம் 1954இல் மாயச் சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கிற சட்டம் வந்தது. சர்க்கரை நோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வது அந்தச் சட்டப்படி குற்றம். இருந்தும் பஸ் ஸ்டாண்ட் சுவரில் எல்லாம் ஒட்டுகிறார்கள்.

இழையைப் படிக்கிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கற்பூரம் சேர்ந்த எந்தத் தைலத்தையும் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தேய்க்காதீர்கள், மூக்குப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வாய்க்குள் போனால் வலிப்பு வரும். அமெரிக்காவில் வெளித்தைலங்களில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். குப்பியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சிங்கைச் செல்வம்:

தைலமும் பத்திரிகையும் என்று படித்ததும் எனக்கு எங்கள் ஊர்க்காரர் ஞாபகம் வந்துவிட்டது. டைகர் பாம் ஆவ் பூன் ஹாவ்.

இவருடைய அப்பா ஆவ் சூ கின் சீனாவின் ஃபூஜியனிலிருந்து ரங்கூன் போய் வைத்தியக் கடை வைத்தவர். அந்தக் கால ரங்கூனில் நம் செட்டியார்களும் கூலிக்குப் போன தமிழர்களும் நிறைய. 1908இல் அப்பா இறந்த பிறகு, மகன்கள் பூன் ஹாவ், பூன் பார் இருவரும் களிம்பைச் செம்மைப்படுத்திப் புலிப் படம் போட்டு விற்றார்கள். அண்ணன் பெயரிலேயே புலி இருக்கிறது, தம்பி பெயரில் சிறுத்தை. தம்பி மருந்தைப் பார்த்துக்கொள்வார், அண்ணன் விற்பார். காரின் முன்பக்கத்தைப் புலித்தலை மாதிரி செய்து, ஹாரன் அடித்தால் உறுமுகிற மாதிரி வைத்து ஊர் ஊராகப் போனார். 1926இல் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றினார். 1929இல் ‘சின் சியூ ஜிட் போ’ நாளிதழ். அப்புறம் ஹாங்காங் வரை வரிசையாகப் பத்திரிகைகள். 1937இல் கட்டிய ஹாவ் பார் வில்லா என்ற சிலைப் பூங்கா இன்றும் இருக்கிறது. சின்ன வயதில் அங்கே நரகத்தின் பத்து அறைகளைப் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

பூன் ஹாவ் பத்திரிகை ஆரம்பித்ததில் வியாபாரக் கணக்கும் உண்டு. மற்ற பத்திரிகைக்கு விளம்பரக் கூலி கொடுப்பதைவிடச் சொந்தப் பத்திரிகை லாபம். நாகேஸ்வர ராவும் அப்படித்தானோ என்று ஒரு சந்தேகம். குறையாகச் சொல்லவில்லை.

மயிலை நடையன்:

செல்வம் தம்பி, நியாயமான கேள்வி. என் பதில் இது. வருடங்களைப் பாருங்கள். தைலம் 1893, பத்திரிகை 1908. பதினைந்து வருடம் பத்திரிகை இல்லாமலே தைலம் விற்றிருக்கிறது, அதுவும் பம்பாயில். தைலத்தை இந்தியா முழுக்க விற்க நினைக்கிறவர் பம்பாயில் உட்கார்ந்துகொண்டு தெலுங்கில் பத்திரிகை போடுவாரா? மராத்தியிலோ குஜராத்தியிலோ அல்லவா போட்டிருப்பார்! விளம்பரத்துக்கு அது உதவவில்லை என்று சொல்லமாட்டேன், உதவியிருக்கும். ஆனால் பணம் ஓடிய திசை தைலத்திலிருந்து பத்திரிகைக்கு. ‘பாரதி’ மாதிரி இலக்கிய இதழ் எந்தக் காலத்தில் யாருக்கு லாபம் கொடுத்திருக்கிறது? நம் ஊரில் சிற்றிதழ் நடத்தி மனைவியின் நகையை அடகு வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். அவருக்கு அடகு வைக்க ஒரு தைலம் இருந்தது.

வேலன், உங்கள் அப்பாவைப் பற்றி அறிந்து வருந்துகிறேன். ஹாலோவே விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், கல்லூரி கட்டியதால் மாத்திரை மருந்தாகிவிடாது. நான் நாகேஸ்வர ராவை மதிப்பது தர்மத்துக்காக மட்டும் இல்லை. விற்ற விதத்துக்காகவும்தான். "தேய்த்துப் பார், இதமாக இருந்தால் வாங்கு" என்பதில் பொய்க்கு இடம் குறைவு. தலைவலி விட்டதா இல்லையா என்று கால்மணி நேரத்தில் வாங்குகிறவருக்கே தெரிந்துவிடும். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மாத்திரையை யார் சோதித்துப் பார்ப்பது?

கர்னூல் தெருக்காரன்:

வணக்கம் அண்ணா. என் தாய்மொழி தெலுங்கு, பிறந்தது கர்னூல், வளர்ந்தது கொருக்குப்பேட்டை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விட்டுவிட்ட ஒன்று உண்டு. ஸ்ரீ பாக் ஒப்பந்தம். மயிலாப்பூரில் அவருடைய வீட்டின் பெயர்தான் ‘ஸ்ரீ பாக்’. ஆந்திராவைத் தனி மாகாணமாக்க வேண்டும் என்று கேட்டபோது, கர்னூல், அனந்தபூர் மாதிரி உள்பகுதி மாவட்டங்களில் இருக்கிற எங்கள் ராயலசீமைக்காரர்களுக்குப் பயம். தண்ணீரும் படிப்பும் பணமும் கடற்கரை மாவட்டங்களிடம் இருக்கிறது, மாகாணம் வந்தால் எங்களை விழுங்கிவிடுவார்கள் என்று. 1937 நவம்பர் 16 அன்று இரண்டு பக்கத் தலைவர்களையும் அவர் வீட்டில் உட்காரவைத்து ஒப்பந்தம் போட்டார்கள். அனந்தபூரில் பல்கலைக்கழக மையம், பாசனத்தில் ராயலசீமைக்குப் பத்து வருடம் முன்னுரிமை, தலைநகரமும் உயர் நீதிமன்றமும் ஒரே பகுதியில் இல்லாமல் ஆளுக்கு ஒன்று. 1953இல் ஆந்திர மாநிலம் வந்தபோது எங்கள் கர்னூல் தலைநகரானதும், உயர் நீதிமன்றம் குண்டூருக்குப் போனதும் அதை ஒட்டித்தான். இன்றைக்கும் எங்கள் பக்கம் தண்ணீர்ச் சண்டை வந்தால் பெரியவர்கள் ‘ஸ்ரீ பாக்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த வீடு மெட்ராசில் இருந்தது என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதத்தில் போய்விட்டார். தனி ஆந்திராவைப் பார்க்கவில்லை.

கூடல் சரவணன்:

அப்படியென்றால் தனி ஆந்திரா கேட்டவர் பெயரில் மயிலாப்பூரில் பூங்கா. ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்று தெலுங்கர்கள் கேட்ட சண்டை எல்லாம் நடந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

பெரியகுளம் தமிழரசி:

நான் வேறொருவரைச் சேர்க்கிறேன். அவரும் மெட்ராசுக்கு வந்த தெலுங்கர்தான். கே. என். கேசரி. ஓங்கோல் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்னப் பையனாக நடந்தே மெட்ராஸ் வந்தவர். பிழைப்புக்கு அலைந்து, படித்து, ஆயுர்வேத வைத்தியராகி ‘கேசரி குடீரம்’ தொடங்கினார். பெண்களுக்கான ‘லோத்ரா’ என்ற மருந்துதான் அவருக்குப் பெயரும் பணமும் கொண்டுவந்தது. எங்கள் ஆச்சிக்குப் பிள்ளை பெற்ற பிறகு வருடக்கணக்கில் அதுதான். அந்தக் காலத்தில் மாதவிலக்குத் தொந்தரவை ஆண் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தபாலில் எழுதிப் போட்டால் குப்பி வீட்டுக்கே வரும் என்பதே பெரிய விடுதலையாக இருந்திருக்கும். மருந்து எவ்வளவு கேட்டது என்பதை மீனாட்சி அக்காதான் சொல்ல வேண்டும்.

அவரும் பத்திரிகை நடத்தினார். ‘கிருகலக்ஷ்மி’, பெண்களுக்காக. மயிலாப்பூர் கேசரி பள்ளிக்கூடமும் அவர் வைத்ததுதான். ஒரே ஊரில், ஒரே காலத்தில், இரண்டு மருந்துக்காரர்கள், இரண்டு பேரும் பத்திரிகை! தபாலும் அச்சும் இல்லாமல் இந்த வியாபாரமே இல்லை, அதனால் அச்சாபீஸ் அவர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மருந்துக்கடை மீனாட்சி:

தமிழரசி, லோத்ரம் என்பது வெள்ளிலோத்திரப் பட்டை. ஆயுர்வேதத்தில் பெண்களின் உதிரப்போக்குக்குப் பழைய காலத்திலிருந்தே கொடுப்பதுதான், அவராகக் கற்பனை செய்தது இல்லை. அந்தக் குப்பியில் எவ்வளவு இருந்தது, எப்படி வேலை செய்தது என்று அதைச் சோதிக்காமல் நான் சொல்லக் கூடாது.

வடகரை வேலன்:

மீனாட்சி, மயிலை ஐயா, இருவருக்கும் நன்றி. தேய்த்துப் பார்க்கிற மருந்துக்கும் நம்பி விழுங்குகிற மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசித்ததே இல்லை. நாகேஸ்வர ராவை ஹாலோவேயோடு சேர்த்து வைத்ததைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தைலத்தின் நல்ல பெயரைக் காட்டி லேகியம் விற்கிறவன் இன்றும் இருக்கிறான், "பாட்டி காலத்து மருந்து" என்றுதான் எங்கள் அப்பாவிடமும் சொல்லி விற்றார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

திண்டுக்கல் எண்ணெய்க்காரர்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை.

நான் கரிசலாங்கண்ணித் தலை எண்ணெய் காய்ச்சி விற்கிறேன், நாலு வருடமாக. முதல் வருடம் மொத்தப் பணத்தையும் விளம்பரத்தில் போட்டேன். விளம்பரம் எழுதிக் கொடுத்த ஆள் "21 நாளில் முடி வளரும்" என்று போடச் சொன்னார், போட்டேன். வந்தவர்கள் 22ஆம் நாள் போன் பண்ணித் திட்டினார்கள். திட்டு வாங்க வேண்டியதுதான், பொய் சொன்னது நான்.

அப்புறம் அந்த வரியை எடுத்துவிட்டேன். திருவிழாவில் 10 மில்லி குப்பி நூறு எடுத்துப்போய்ச் சும்மா கொடுத்தேன். என் சம்சாரத்துக்குக் கோபம், அடக்கவிலையே ஒன்று பதினோரு ரூபாய். நூறில் திரும்பி வந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஆறு பேர் இன்றைக்கும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள், அவர்கள் சொல்லி வந்தவர்கள்தான் மீதி எல்லாரும். நாகேஸ்வர ராவ் கச்சேரியில் கொடுத்தார் என்று படித்ததும் சம்சாரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எனக்கு ஒரு சந்தேகம். கச்சேரிக்கு வருகிறவர்கள் வசதியானவர்கள், 10 அணா கொடுத்து வாங்கக் கூடியவர்கள். திருவிழாவில் எல்லாரும் கை நீட்டுவார்கள். அவர் ஆளைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தாரோ?

மயிலை நடையன்:

நூற்றுக்கு நூறு அதுதான் என்று எனக்கும் இப்போது தோன்றுகிறது. நான் வாசனையை மட்டும் யோசித்தேன், நீங்கள் வாங்குகிறவரை யோசித்திருக்கிறீர்கள். விற்றவருக்குத்தான் தெரியும்.

கர்னூல் தெருக்காரன்:

எண்ணெய்க்காரர் அண்ணா, எனக்கு இரண்டு குப்பி வேண்டும், தனிமடலில் விலை சொல்லுங்கள்.

மயிலை அண்ணா, எங்கள் தாத்தா டிரங்குப் பெட்டியில் ‘ஆந்திர பத்திரிகை’ உகாதி மலர் ஒன்று இருக்கிறது. பின் அட்டை கிடையாது, முதுகைச் செல்லரித்துவிட்டது, தொட்டால் உதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பியை வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கிறேன். தலையங்கம் இருந்தால் தமிழில் எழுதி இங்கே போடுகிறேன். நேரம் ஆகும்.